விதை போட்டால் பொடிப் படிகமாகவே வருகிறது என்பவருக்கு

புரதப் படிகம் வளர்க்கச் சொட்டில் சேர்க்கும் விதைக் கரைசலை (நொறுக்கிய படிகத் துணுக்குகள் கலந்த கரைசல்) இன்னும் நீர்க்கச் செய்யுங்கள். லைசோசைம் என்ற புரதத்தின் சொட்டில் மணல் தூவியதுபோல் பொடிப் படிகம் நிறைகிறது என்கிறீர்களே, அது விதை மிகுதியாகப் போவதன் அடையாளம். 10, 100, 1,000, 10,000 மடங்கு என வரிசையாக நீர்க்கச் செய்து ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வையுங்கள்.

அப்புறம், விதையே போடாமல் பக்கத்தில் ஒரு சொட்டு கட்டாயம் வேண்டும். அதிலும் பொடி வந்தால் விதைமேல் பழியில்லை, படிகமாக்கச் சேர்க்கும் உப்பான சோடியம் குளோரைடு கூடிப்போய்ப் புதுக் கருக்கள் (படிகம் வளரத் தொடங்கும் நுண்துகள்கள்) தாமாகவே உருவாகின்றன. உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, விதையில்லாச் சொட்டு நாள்கணக்கில் தெளிவாக நிற்கும் இடத்தைப் பிடித்து அங்கே விதையுங்கள், பெரிய படிகத்துக்கு அதுதான் இடம்.

ஒன்று மட்டும்: தண்ணீரில் நீர்க்கச் செய்யாதீர்கள், விதை கரைந்துவிடும். ரிசர்வாயர் கரைசலையே (சொட்டோடு ஒரே மூடிய குழியில் இருக்கும் உப்புக் கரைசல்) பயன்படுத்துங்கள், விதைக் கரைசல் உள்ள சிறு குழாயைப் பனிக்கட்டியில் வைத்தபடி.