ஒடிசியில் எதற்கு நேரம் கொடுப்பது?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ஒடிசி காவியத்தை மொழிபெயர்ப்பில் நடத்த ஆறு வாரங்கள் தந்திருக்கிறார்கள். மாணவர்களுக்கு அது வெறும் அரக்கர் கதை. ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ் குருடானதும் ஆர்வம் வடிந்துவிடுகிறது. எதை விடுவது? பணிப்பெண்களைத் தூக்கிலிடும் பகுதியைப் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

24 காண்டங்களையும், 12,000-க்கும் மேற்பட்ட அடிகளையும் ஆறு வாரத்தில் முழுமையாக நடத்த இயலாது, அதற்காக வருந்தாதீர்கள். முதல் நான்கு காண்டங்களில் நாயகன் ஒடிசியஸின் மகன் டெலிமக்கஸைத்தான் பார்க்கிறோம். டிராய்ப் போர் முடிந்து வீடு திரும்ப முடியாமல் அலையும் ஒடிசியஸ் ஐந்தாவதில்தான், அதுவும் கடற்கரையில் அமர்ந்து அழுதபடி, நம் கண்முன் வருகிறான். முதல் காண்டத்தை வகுப்பில் படித்துவிட்டு, அடுத்த மூன்றையும் நீங்களே கதையாகச் சொல்லிவிடலாம். அப்படி மிச்சமாகும் நாட்களை ஒன்பதாம் காண்டத்துக்குக் கொடுங்கள்.

பிள்ளைகள் அதை அரக்கர் கதையாகப் படிப்பதற்கு ஒரு காரணம், அதைச் சொல்வது யார் என்பதை நாம் அவர்களுக்கு நினைவூட்டாமல் விட்டுவிடுவதுதான். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான காண்டங்களை, வழியில் அவனுக்கு அடைக்கலம் தந்த ஃபயேசியர் என்னும் மக்களின் அரசனது விருந்தில் அமர்ந்து ஒடிசியஸே தன் வாயால் சொல்கிறான். கேட்பவர்கள் அவனை ஊருக்குக் கப்பலில் அனுப்பிவைக்க வேண்டியவர்கள். மறுத்துச் சொல்ல உடன் சென்ற தோழர்களில் ஒருவர்கூட உயிரோடில்லை. கடல் தெய்வமான பொசைடனின் கோபத்துக்குக் காரணம் தன் மகன் பாலிஃபீமஸ் குருடாக்கப்பட்டதே என்று முதல் காண்டத்திலேயே ஹோமர் சொல்லிவிடுவதால், நடந்ததே பொய் என்று சொல்ல முடியாது. ஆனால், அதை அவன் எந்த விதமாகச் சொல்கிறான் என்று கேட்கலாமல்லவா?

குகையை விட்டு வெளியேறும் இடத்தை அவசரப்படாமல் வாய்விட்டுப் படியுங்கள். குருடான பாலிஃபீமஸ் ஒவ்வொரு ஆட்டின் முதுகையும் தடவிப் பார்த்து வெளியே விடுகிறான்; வயிற்றின் கீழே கை வைக்க அவனுக்குத் தோன்றவில்லை. கடைசியாக வரும் பெரிய கிடாவை நிறுத்தி, எப்போதும் மந்தைக்கு முன்னே போகிற நீ இன்று ஏன் பின்தங்கினாய், உன் எசமானனின் கண்ணுக்காக வருந்துகிறாயா என்று அன்பாகக் கேட்கிறான். அந்தக் கிடாவின் வயிற்றில்தான் ஒடிசியஸ் தொங்கிக்கொண்டிருக்கிறான். இந்த வரிகளைக் கேட்ட பிறகு, அரக்கனை வெறும் அரக்கனாக நினைப்பது பிள்ளைகளுக்குக் கடினம். அழைக்காத குகைக்குள் நுழைந்து பாலாடைக்கட்டியைத் தின்றவர்கள் யார், விருந்தினரையே தின்றவன் யார், விருந்தோம்பலை முதலில் மீறியது எவர் என்று விவாதம் தானே கிளம்பும். தன் பெயர் 'யாருமில்லை' என்று சொல்லித் தப்பித்தவன், கப்பல் ஏறியதும் உண்மைப் பெயரை ஊர் தந்தை பெயரோடு கூவுவதையும், அந்தப் பெயரைச் சொல்லியே பாலிஃபீமஸ் சாபமிடுவதையும் அடுத்தடுத்துப் படிக்கச் செய்யுங்கள்.

'ரோஜா விரல் வைகறை' மீண்டும் மீண்டும் வரும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 1930-களில் யூகோஸ்லாவியாவின் வாய்மொழிப் பாடகர்களைப் பதிவுசெய்த அமெரிக்க ஆய்வாளர் மில்மன் பாரி, இத்தகைய நிலைத்தொடர்கள் பாடும்போதே பாட்டைக் கட்டுவதற்கான கருவிகள் என்று காட்டியதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்.

இருபத்திரண்டாம் காண்டத்தை விட்டுவிடாதீர்கள். ஒடிசியஸ் இல்லாதபோது அவன் மனைவியை மணக்க வந்து வீட்டில் தங்கியவர்களோடு உறவு கொண்டதற்காக, ஐம்பது பணிப்பெண்களில் பன்னிருவரைத் தூக்கிலிடுவது டெலிமக்கஸ். முதல் காண்டத்தில் உங்கள் மாணவர்கள் தங்கள் வயதுக்காரனாக எண்ணிய அதே பையன். அந்தப் பெண்கள் அடிமைகள் என்பதையும், மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததா என்பதையும் வெளிப்படையாகப் பேசுங்கள்; 'பணிப்பெண்' என்னும் மென்மையான சொல் எதை மறைக்கிறது என்று அவர்களே கண்டுகொள்வார்கள். பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு குறிப்பு அனுப்பிவிடுங்கள். அந்தப் பாடத்தை வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு மட்டும் வைக்காதீர்கள். மறுநாளும் அதைப் பற்றி உங்களிடம் வந்து கேட்க அவர்களுக்கு வாய்ப்பு இருக்க வேண்டும்.