பெரியப்பா விளையில் கிடைத்த 14 காசு யாருக்கு?

கேள்வி: வக்கீல் அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்குத் திசையன்விளை பக்கம். துபாயில் இருக்கும் மச்சான் ஒரு மெட்டல் டிடெக்டர் கொண்டுவந்து தந்தான். பெரியப்பாவிடம் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு அவர் பனை விளையில் ரெண்டு மாதமாகத் தேடுகிறேன். துருப்பிடித்த ஆணிதான் மிச்சம். போன வாரம் ஒரு சாண் ஆழத்தில் உடைந்த கலயமும் 14 செப்புக் காசும் கிடைத்தன. ஒன்றில் மீன் மாதிரி தெரிகிறது. ‘என் நிலம், என் காசு’ என்கிறார் பெரியப்பா. மச்சான் துபாய்க்கு அனுப்பச் சொல்கிறான். என்ன செய்ய? இனி மெஷினைத் தொடலாமா?

பதில்: தம்பி, முதலில் ஒன்று. அந்தக் காசைப் புளி போட்டு விளக்காதீர்கள். விளக்கியிருந்தால் இத்தோடு நிறுத்துங்கள். எழுத்தும் சின்னமும் தேய்ந்தால் அது யாருடைய காசு என்று சொல்ல ஆளிருக்காது.

பெரியப்பா சொல்வதும் சரியில்லை, எடுத்தவனுக்கே எல்லாம் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரியில்லை. இன்றும் நடப்பில் இருப்பது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மண்ணுக்குள் மறைந்திருந்த, மதிப்புள்ள எதுவும் அதற்குப் புதையல்தான். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் கட்ட வேண்டும், இல்லையென்றால் ஜாமீன் கொடுக்க வேண்டும். 10 ரூபாய்க்கு இன்று ஒரு வடைதான் வரும். சட்டத்தில் அந்தத் தொகை அப்படியே நிற்கிறது. மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம், கிடைக்க வேண்டிய பங்கும் போகும். தெரிந்தே உடந்தையாக இருந்தால் நிலத்துக்காரரையும் சும்மா விடாது.

உங்கள் மனுவைப் பார்த்துக் கலெக்டர் ஓர் அறிவிப்பு வெளியிடுவார். அது வெளியான பிறகு நாலு மாதத்துக்குக் குறையாமல், ஆறு மாதத்துக்கு மிகாமல் ஒரு நாள் குறித்து விசாரிப்பார்கள். உரிமை கோரி யாரும் வராமல், நிலம் பெரியப்பாவுடையது என்பதிலும் தகராறு இல்லாமல் இருந்தால், எடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. உங்களுக்குள் முன்கூட்டியே உடன்பாடு இருந்தால் அதன்படி. ‘போய்த் தோண்டிக்கோடே’ என்று பெரியப்பா சொன்னது தோண்டத்தான். பங்கைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு மாதம் முன்பே ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு வரி எழுதியிருக்கலாம். வேண்டுமென்றால் அரசே எடுத்துக்கொள்ளும். அப்போது கிடைப்பது உலோகத்தின் விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். 14 செப்புக் காசின் எடைக்கு என்ன வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பெரியப்பாவோடு சண்டை போடும் அளவுக்கு வராது.

மச்சான் பேச்சைக் கேட்காதீர்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. ‘யாருக்குத் தெரியப்போகுது’ என்பான். என் அனுபவத்தில் புதையல் வழக்கை போலீஸ் மோப்பம் பிடித்ததில்லை. காட்டிக்கொடுத்தது எல்லாம் பங்காளிகள்.

இனி மெஷின் விஷயம். ரெண்டு மாதம் ஆணி கிடைத்ததில் மனம் தளர வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். குவாட்டர் பாட்டில் மூடி, மாட்டு லாடம், முனை உடைந்த பாளை அரிவாள், சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள் எல்லாம் வந்தபின் எப்போதோ ஒரு காசு. நம் தேரிச் செம்மண்ணிலும் உவரிக் கடற்கரைக் கருமணலிலும் இரும்புத் தாது கலந்திருக்கிறது. வெறும் மண்ணுக்கே மெஷின் கத்தும். அந்தந்த மண்ணுக்கு ஏற்ப மெஷினைச் சரிசெய்யப் பழகவே ஒரு மாதமாகும். சின்னக் காசு என்றால் ஒரு சாணுக்குக் கீழே பெரும்பாலும் தெரியாது. ‘முப்பதடி ஆழத் தங்கத்தைக் காட்டும்’ என்று ஒருவர் மெஷின் விற்க வந்தால் அவருக்கு உங்கள் காசுதான் புதையல்.

சட்டத்துக்கு உங்கள் மெஷினோடு சண்டையில்லை, தோண்டுவதோடும் எடுப்பதோடும்தான். சொந்த நிலம், எழுத்தில் அனுமதி வாங்கிய நிலம், அவ்வளவே. ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை, நம் பக்கத்துத் துலுக்கர்பட்டி போன்ற அகழாய்வு இடங்களில் கடப்பாரையோடு கால் வைக்காதீர்கள். ஆதிச்சநல்லூரில் 1876-லேயே தோண்டத் தொடங்கிவிட்டார்கள், இன்னும் முடியவில்லை. இறந்தவரைப் புதைத்த ஒரு தாழி எந்த மண்ணடுக்கில் இருந்தது என்பதை வைத்துத்தான் காலம் சொல்கிறார்கள். நீங்கள் ஒரு குழி போட்டால் அது கலைந்தது கலைந்ததுதான். கோயில் நிலம், ஆற்றுப் புறம்போக்கு, களக்காடு முண்டந்துறைக் காடு இவையும் கூடாது. கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம் இவற்றின் வேலியோரம் மெஷினோடு நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தங்கச் செயின் கிடைத்து, தொலைத்தவர் பக்கத்து வீட்டிலேயே இருந்தால் அது புதையல் ஆகாது. ஆளைத் தேடாமல் வைத்துக்கொண்டால் அது வேறு குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 314-ஆம் பிரிவு.

நாளைக் காலையில் செய்ய வேண்டியது: காசையும் கலயத் துண்டையும் அப்படியே போட்டோ எடுங்கள், எடுத்த குழியையும் சேர்த்து. மண்ணோடு ஒரு டப்பாவில் வையுங்கள். கலெக்டர் பெயருக்கு மனு எழுதி, பெரியப்பாவையும் கையெழுத்துப் போடச் சொல்லி, அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். தாசில்தாருக்கும் ஒரு நகல் கொடுங்கள். ஒரு வாரம் தாமதமானதற்கு உண்மையான காரணத்தை மனுவிலேயே எழுதுங்கள். உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் விழாமல் அந்த வாசலை விட்டு இறங்காதீர்கள்.