ஸ்கி சாதனங்கள்: பெயர்கள் பல, உரிமையாளர்கள் சிலர்

சாலமன், அட்டாமிக், ரோசிஞோல் முதலிய பனிச்சறுக்குச் சாதனப் பெயர்கள் யாவும் தனித்தனி நிறுவனங்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. ஒரே தொழிற்சாலையிலிருந்து பல அயல்நாட்டுப் பெயர்களில் காலணிகள் கப்பலேறுவதை ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் கண்டு வளர்ந்த வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு இது வியப்பளிக்காது. ஆனால் ஸ்கி துறையில் ஓரிடத்தில் குவிந்திருப்பது உரிமையே.

1947-இல் பிரான்சின் அன்னசி நகரில் தொடங்கிய சாலமனை 1997-இல் அடிடாஸ் வாங்கி, 2005-இல் பின்லாந்தின் ஆமெர் ஸ்போர்ட்ஸுக்கு விற்றது. ஆஸ்திரியாவின் அட்டாமிக்கை முன்பே வைத்திருந்த ஆமெரை, 2019-இல் சீனக் காலணி நிறுவனமான ஆன்டா தலைமையிலான கூட்டமைப்பு கைப்பற்றியது. காலணிக்காரர்கள் பனிமலை வரை ஏறிவிட்டார்கள்!

இத்தாலியின் டெக்னிகா குழுமத்திடம் நோர்டிகாவும் பிளிசார்டும் உள்ளன. நோர்டிகா மொன்டெபெல்லூனாவில் தோல் காலணி செய்தே தொடங்கியது. 1960-களில் அமெரிக்காவின் லாங்கே நிறுவனம் பிளாஸ்டிக் பூட்ஸைக் கொண்டுவந்த பின்னர், ஸ்கி பூட்ஸிலிருந்து தோல் படிப்படியாக விலகியது என்பது தோல் பதனிடும் ஊர்க்காரனான எனக்குச் சற்று வருத்தமே.

அந்த லாங்கே இன்று டைனாஸ்டார், லுக் ஆகியவற்றோடு ரோசிஞோல் குழுமத்தில் இருக்கிறது; ரோசிஞோல் பலகைகளில் லுக் பைண்டிங்குகள் (பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பிடிப்பான்கள்) பொருத்தி விற்கப்படுவதற்கும் இதுவே காரணம்.