ஆலோசகரிடம் பேசினால் டி.சி.யில் எழுதுவார்களா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி வருகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர் ஒன்றுமில்லை என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாக விளையாடுகிறான். பள்ளிக்கு வரும் மனநல ஆலோசகரிடம் பேச வைக்கலாம் என்கிறார் வகுப்பாசிரியை. “பைத்தியம் என்று பெயர் வந்துவிடும், டி.சி.யிலும் எழுதிவிடுவார்கள்” என்று என் கணவர் மறுக்கிறார். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஆரணி

பதில்: சகோதரி, தமிழ்நாட்டு மாற்றுச் சான்றிதழில் மாணவருக்கு மருத்துவ ஆய்வு நடந்ததா என்று ஒரு வரி உண்டு, உங்கள் கணவர் அதை நினைத்துச் சொல்லியிருக்கலாம். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக நடக்கும் உடல் பரிசோதனையைப் பற்றியது; ஆலோசகரிடம் பேசியதைக் குறிக்க அதில் இடமில்லை. சிகிச்சை வரை போக நேர்ந்தாலும், சில விதிவிலக்குகள் தவிர அந்த விவரம் ரகசியமாகவே இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் பையன் நடிக்கிறான் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பயமும் பதற்றமும் குடலின் அசைவை மாற்றக்கூடியவை என்பதால், அவன் சொல்லும் வலி உண்மையான வலிதான். “ஏன் போக மாட்டேன் என்கிறாய்?” என்று குடைவதை விட்டுவிட்டு, வலி வந்த நாட்களை ஒரு தாளில் குறித்து, அவனுடைய பாடவேளை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்குப் பாடம் முதல் பீரியடாக வரும் நாட்களில் மட்டும் வலிக்கிறதா, வேனில் யாராவது சீண்டுகிறார்களா என்பதற்கெல்லாம் அந்தத் தாளில் துப்புக் கிடைக்கலாம். பள்ளிக் கழிப்பறைக்குப் போக அஞ்சி நாள் முழுவதும் அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் உண்டு. பெரியவர்கள் இதைக் கேட்கவே மறந்துவிடுகிறோம். வகுப்பில் அடியோ அவமானமோதான் காரணம் என்று தெரிந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்திலேயே கொடுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது.

அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு கணவரோடு சென்று ஆலோசகரைப் பாருங்கள். ஆலோசகர் மாத்திரை எழுதித் தருபவர் அல்லர். பையனோடு பேசி, படம் வரைய வைத்து, அவன் பயப்படுவது எதற்கு என்று கண்டறிந்து, தேவைப்பட்டால் மட்டுமே மனநல மருத்துவரிடம் அனுப்புவார். உங்கள் பையனுக்கு மட்டும் செய்யப்படும் தனி ஏற்பாடும் அல்ல இது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே அறிவுறுத்தியிருக்கிறது.

இதற்கிடையில் வலிக்கிறது என்று நாள் முழுக்க வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். விடுப்பு நீள நீளப் பள்ளிக்குத் திரும்புவது கடினமாகும். வகுப்பாசிரியையிடம் சொல்லிவைத்து, தாமதமாகவேனும் அனுப்புங்கள். தூக்கமோ சாப்பாடோ வெகுவாகக் குறைந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ அவனைத் தனியே விடாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.