சொந்த நினைவுகளை எழுத உட்கார்ந்தால் ஏன் கை ஓடுவதில்லை?

காசிமேட்டில் வளர்ந்த நாட்களை எழுத ஆசை, ஆனால் இரண்டு வரிக்கு மேல் நகரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வண்ணாரப்பேட்டை. அப்பாவைப் பற்றி எழுத நினைத்து மாதக்கணக்கில் இப்படித்தான் நின்றேன்.

'என் சிறுவயது' என்று தலைப்புப் போட்டால் யாருக்கும் வராது, அவ்வளவு பெரிசு அது. ஒரே ஒரு பொருளைப் பிடியுங்கள். எனக்கு அது அப்பாவின் டிபன் கேரியர்: கொக்கி உடைந்து கம்பியால் கட்டியிருக்கும், மில் சங்கு ஊதுவதற்குள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவார் என்று எழுதியதுமே, அம்மா விடிகாலையில் ஸ்டவ் பற்றவைப்பது, அந்த மண்ணெண்ணெய் வாடை, மில் மூடியபின் கேரியர் பரணுக்குப் போனது எல்லாம் தானாக வந்துவிட்டன. வாசனை சும்மா இல்லை. மூளையில் அதற்கும் நினைவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஒருநாள் விடியலில் மீன் ஏலம் நடக்கிற நேரத்துக்குத் உங்கள் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் போய் நின்று பாருங்கள்.

வலிக்கிற நினைவு என்றால் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நாளுக்கு 15 நிமிடம் என்று நான்கு நாள் எழுதினார்கள். அந்த அளவு போதும். ஆனால் எழுதும்போது மனசு ரொம்பக் கலங்கினால் நிறுத்திவிடுங்கள், அவசரமே இல்லை.

அப்புறம் பாஷை. எழுத்துத் தமிழில் சிக்கினால் வீட்டில் பேசியபடியே, "இன்னாடா, துன்னியா?" என்றே எழுதுங்கள். அதுவும் வராவிட்டால் போனில் பேசிப் பதிவு செய்து, பிறகு கேட்டு எழுதலாம். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. முதல் பிரதியை நான் யாரிடமும் காட்டவில்லை.