போட்டோ எடிட்டிங் புத்தகம்: வாங்கும் முன் எங்கே புரட்டிப் பார்ப்பது?

சென்ற இதழில் போட்டோ எடிட்டிங் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தோம். பாதிப் பேர், "நல்ல புத்தகமாக ஒரு பெயர் சொல்லுங்கள், போதும்" என்றே எழுதியிருக்கிறார்கள். இந்தத் துறையில் இன்று சொல்லும் பெயர் அடுத்த அப்டேட்டில் பழசாகிவிடும். அதனால் பெயருக்குப் பதில், எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்கிறோம்.

கேள்வி: பழைய புத்தகக் கடையில் போட்டோஷாப் சிஎஸ்6 பற்றிய தடிமனான புத்தகம் 250 ரூபாய்க்குக் கிடைத்தது. என் கணினியில் இருப்பதோ சந்தா கட்டும் புது போட்டோஷாப். இதை வைத்துக் கற்க முடியுமா? (தென்காசி வாசகர்)

பதில்: முடியும், 250 ரூபாய் வீணில்லை. சிஎஸ்6 வந்தது 2012-ல். மொத்தமாகக் காசு கொடுத்து வாங்கிய போட்டோஷாப்பில் அதுதான் கடைசி. 2013 முதல் சந்தாதான். லேயர் (படத்தின் மேல் அடுக்கும் அடுக்கு), லேயர் மாஸ்க் (அடுக்கின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைப்பது), கர்வ்ஸ் (வெளிச்சத்தைத் திருத்தும் வளைகோடு), ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்), பிளெண்டிங் மோட் (அடுக்குகள் கலக்கும் விதம்) ஆகியவற்றுக்கு அடிப்படை அன்றும் இன்றும் ஒன்றே. அந்த அத்தியாயங்களை வரி விடாமல் படியுங்கள்.

விரல் பழக்கத்தில்தான் இடறும். படத்தின் அளவை மாற்றும்போது உருவம் கோணாமல் இருக்க ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இழுக்கச் சொல்லும் உங்கள் புத்தகம். 2018 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து இது தலைகீழ்: சும்மா இழுத்தாலே விகிதம் மாறாது, ஷிஃப்ட்டை அழுத்தினால்தான் முகம் சப்பையாகும். அதே பதிப்பில் கண்ட்ரோல் இசட்டும் மாறியது. முன்பு அது கடைசியாகச் செய்த ஒன்றை மட்டும் அழிக்கும், மறுபடி அழுத்தினால் திரும்பக் கொண்டுவரும். இப்போது அழுத்த அழுத்தப் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். கண்ட்ரோல் எஃப் முன்பு கடைசியாகப் போட்ட ஃபில்டரைத் திரும்பப் போடும், இப்போது தேடும் பெட்டியைத் திறக்கும். அதுவும் நல்லதற்கே: புத்தகம் சொல்லும் மெனு கண்ணில் படவில்லை என்றால் அந்தப் பெட்டியில் பெயரை அடித்துத் தேடுங்கள்.

படத்தின் அளவை மாற்றுவதில் பழைய முறையே வேண்டுமென்றால் பிரிஃபரன்ஸஸ், ஜெனரல் பகுதியில் 'யூஸ் லெகசி ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம்' என்று இருக்கிறது. நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். புது முறைக்கு ஒரே வாரத்தில் கை பழகிவிடும்.

இன்னும் பழைய புத்தகம் கையில் அகப்பட்டால் ஒரு எச்சரிக்கை. 'பிரைட்னஸ்/கான்ட்ராஸ்ட் பக்கமே போகாதீர்கள், படம் கெட்டுவிடும்' என்று அதில் எழுதியிருக்கும். அது எழுதிய காலத்துக்குச் சரி. பழைய பிரைட்னஸ் எல்லாப் பிக்சலையும் ஒரே அளவு மேலே தள்ளும், வெளிச்சமான இடங்கள் வெள்ளையில் முட்டி விவரம் செத்துவிடும். 2007-ல் வந்த சிஎஸ்3-இல் அதைத் திருத்திவிட்டார்கள். அந்தப் பெட்டியில் 'யூஸ் லெகசி'யை டிக் செய்தால்தான் பழைய கோளாறு வரும்.

கேள்வி: லைட்ரூம் புத்தகங்களின் அட்டையில் ஒன்றில் சிசி, ஒன்றில் கிளாசிக், ஒன்றில் வெறும் லைட்ரூம் என்று இருக்கிறது. எது எதற்கு? (ஈரோடு வாசகர்)

பதில்: போட்டோஷாப், லைட்ரூம் இரண்டையும் தயாரிக்கும் அடோபி நிறுவனம் செய்த பெயர்க் குழப்பம் இது. 2017 அக்டோபர் வரை லைட்ரூம் சிசி என்றால் கணினியில் படங்களைக் கேட்டலாக் போட்டு வைக்கும் வழக்கமான லைட்ரூம். அந்த மாதம் அதற்கு லைட்ரூம் கிளாசிக் என்று பெயர் வைத்துவிட்டு, படங்களை கிளவுடில் ஏற்றி வைக்கும் புது மென்பொருளுக்கு லைட்ரூம் சிசி என்ற பழைய பெயரைத் தூக்கிக் கொடுத்தார்கள். 2019-ல் சிசியும் உதிர்ந்து, கிளவுட் மென்பொருள் வெறும் லைட்ரூம் ஆகிவிட்டது. எனவே 'லைட்ரூம் சிசி' என்ற அட்டைக்குள் இரண்டில் எதுவும் இருக்கலாம்.

அட்டையை நம்பாமல் உள்ளே ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் பாருங்கள். மேலே வலது பக்கம் லைப்ரரி, டெவலப், மேப், புக் என்று வரிசையாக இருந்தால் அது இன்றைய கிளாசிக் வகை. அடுத்து டெவலப் பகுதியின் ஸ்லைடர்கள். ரெகவரி, ஃபில் லைட் என்று இருந்தால் அது 2012-க்கு முந்தைய புத்தகம்; தொடவே வேண்டாம். இப்போதுள்ள ஹைலைட்ஸ், ஷேடோஸ் வேறு கணக்கில் இயங்குகின்றன. புத்தகம் ஃபில் லைட் 40 என்றால் நீங்கள் ஷேடோஸ் 40 வைத்தாலும் அதே படம் வராது. ஸ்ப்ளிட் டோனிங் என்று இருந்தால் 2020 அக்டோபருக்கு முன்னால் எழுதியது. அந்த இடத்தில் இப்போது கலர் கிரேடிங் இருக்கிறது. இது பெரிய தடையில்லை. பெரிய மாற்றம் 2021 அக்டோபரில் வந்தது. பிரஷ், கிரேடியன்ட் எல்லாம் ஒரே மாஸ்கிங் பேனலுக்குள் போயின. வானத்தையும் ஆளையும் தானே தேர்ந்தெடுக்கும் வசதியும் அதிலேயே வந்தது. படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்தக் கற்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் 2022-க்குப் பிந்தைய புத்தகமாகப் பாருங்கள்.

கேள்வி: மென்பொருளுக்குக் காசு செலவழிக்க முடியாது. கிம்ப் புத்தகம் வாங்கலாமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: தாராளமாக. 2.8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கான புத்தகமாக இருக்கட்டும். 2.8-இலிருந்துதான் 'சேவ்' கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் (கிம்ப்பின் சொந்த வடிவம்) கோப்பு மட்டும் வரும், ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்' கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. பழைய புத்தகத்தைப் பார்த்துச் செய்பவர்கள் முதலில் திணறுவது இங்கேதான். 2018-இன் 2.10-க்கு எழுதிய புத்தகம், 2025-இல் வந்த 3.0-க்கும் பெரும்பாலும் ஒத்துவரும். அதில் சொல்லும் பழைய பிளக்-இன்கள் மட்டும் 3.0-இல் ஓடாமல் போகலாம். கேமராவின் ரா கோப்பை (ஜேபெக்காக மாற்றாத மூலப் பதிவு) கிம்ப் தனியாகத் திறக்காது. கூடவே டார்க்டேபிள் அல்லது ராதெரபி என்ற இலவச மென்பொருள் வேண்டும். அவற்றுக்கு ஓர் அத்தியாயமாவது ஒதுக்காத புத்தகம் ஜேபெக்கில் எடுப்பவர்களுக்கு மட்டுமே. கிம்ப் மெனு தமிழில் வந்துவிட்டால், புத்தகம் படித்து முடிக்கும்வரை பிரிஃபரன்ஸஸில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் மொழிபெயர்ப்பு வேலைதான்.

கேள்வி: கடையில் நின்றபடி பத்து நிமிடத்தில் ஒரு புத்தகத்தை எப்படி எடைபோடுவது? (திருச்சி வாசகர்)

பதில்: கடைசிப் பக்கங்களில் உள்ள இண்டெக்ஸில் 'லேயர் மாஸ்க்' தேடுங்கள். ஒரே ஒரு பக்க எண் இருந்தால் அது வித்தை காட்டும் புத்தகம்: வானத்தை மாற்றுவது, பென்சில் ஓவியம் போலாக்குவது. பல அத்தியாயங்களில் திரும்பத் திரும்ப வந்தால் ஆசிரியர் வேலை தெரிந்தவர்.

பிறகு கூர்மையாக்கும் பகுதி. எங்களுக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான். 'அன்ஷார்ப் மாஸ்க்: அமவுண்ட் 150, ரேடியஸ் 1, திரெஷோல்ட் 3' என்று எண்களை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்தால் மூடி வைத்துவிடுங்கள். ரேடியஸ், அதாவது விளிம்பைச் சுற்றி எவ்வளவு தூரம் கூர்மையாக்குவது என்பது, பிக்சலில் கணக்கிடப்படுவது. 6 மெகாபிக்சல் படம் 3000 பிக்சல் அகலம். 10 அங்குலத்துக்கு அச்சிட்டால் அங்குலத்துக்கு 300 பிக்சல். உங்கள் 24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம். அதே 10 அங்குலத்தில் அங்குலத்துக்கு 600. அங்கே ரேடியஸ் 1 தந்த கூர்மைக்கு இங்கே 2 வேண்டும். இதை விளக்காத புத்தகத்தின் எண்களை அப்படியே போட்டு, அச்சில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே என்று குழம்புகிறவர்கள் ஏராளம்.

'முன்', 'பின்' படங்களைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் அச்சு மட்டம். நிறம் பற்றிய பாடம் முழுக்க வீண். பயிற்சிப் படங்களுக்கான இணைய முகவரியைப் பணம் கொடுக்கும் முன் போனில் அடித்துப் பாருங்கள். பழைய புத்தகங்களில் அது செத்துப்போயிருப்பது சகஜம். சிடி என்றால், அதைப் போட உங்கள் லேப்டாப்பில் இடமே இருக்காது. மேக் கணினிக்கான விசைகள் மட்டும் கொடுத்திருந்தால் பயப்பட வேண்டாம்: கமாண்ட் என்றால் கண்ட்ரோல், ஆப்ஷன் என்றால் ஆல்ட்.

கேள்வி: மின்னூலா, அச்சுப் புத்தகமா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: கறுப்பு வெள்ளைத் திரை உள்ள மின்னூல் கருவி இதற்கு உதவாது. டேப்லெட்டில் பிடிஎஃப் நல்லது, ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். எடிட் செய்யும் அதே திரையில் புத்தகத்தையும் திறந்து வைத்து மாறி மாறிப் பார்ப்பது மட்டும் வேண்டாம்.

கேள்வி: புத்தகத்தில் உள்ளபடியே திருத்தினேன். ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டால் இருட்டாகவும் நிறம் மங்கியும் வருகிறது. புத்தகம் தவறா? (கரூர் வாசகர்)

பதில்: இருட்டுக்குக் காரணம் பெரும்பாலும் திரை வெளிச்சம். லேப்டாப்பை முழு வெளிச்சத்தில் வைத்துத் திருத்தினால் படம் இயல்பாகவே பளிச்சென்று தெரியும்; நீங்கள் அதைக் குறைத்துவிடுவீர்கள். திரையில் வெற்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை அறை வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும்வரை திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு திருத்துங்கள்.

மங்கலுக்குக் காரணம் அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிற வரம்பில் அனுப்பிய கோப்பாக இருக்கலாம். அதை வழக்கமான சிறிய வரம்பான எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும் இயந்திரத்தில் நிறம் செத்துப்போகும். போட்டோஷாப்பில் எடிட் மெனுவில் 'கன்வர்ட் டு புரொஃபைல்' கொடுத்து எஸ்ஆர்ஜிபி தேர்ந்தெடுங்கள். அதற்கு மேலேயே உள்ள 'அசைன் புரொஃபைல்' வேண்டாம். அது எண்களை மாற்றாமல் பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும், திரையிலேயே நிறம் மாறிவிடும். உங்கள் புத்தகத்தில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்து வாங்க வேண்டியது கலர் மேனேஜ்மென்ட்டுக்குத் தனி அத்தியாயம் உள்ள புத்தகம்.