மோட்டார் பக்கம்: கறள் பிடித்த பழைய காரும் கொழும்பின் ஈரக்காற்றும்

கேள்வி: ஐயா, காலஞ்சென்ற என் பெரியப்பாவின் 1965ஆம் ஆண்டு எம்.ஜி.பி. திறந்த கார், வெள்ளவத்தையில் கடலுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக் கொட்டகையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அசையாமல் நிற்கிறது. கதவுகளுக்குக் கீழுள்ள பகுதியும் உள்ளே கால் வைக்கும் தரையும் கறள் பிடித்து ஓட்டை விழுந்துள்ளன. அண்மையில் ஓய்வு பெற்ற நான் அதை வீட்டிலேயே திருத்த விரும்புகிறேன். எல்லாவற்றையும் கழற்றி, கறள் முழுவதையும் முதலில் சுரண்டி எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு பகுதியாகத் திருத்தலாம் என்று எண்ணியிருக்கிறேன். இது சரியான முறையா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: வீட்டிலேயே திருத்துவது சரி, எல்லாவற்றையும் முதலில் சுரண்டுவது சரியன்று. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டினாலே பூச்சில்லாத இரும்புத் தகடு கறள் பிடிக்கத் தொடங்கும். தகட்டின் மேல் கடலுப்புப் படிந்திருந்தால் அதற்கும் முன்பே தொடங்கிவிடும். உங்கள் வீடிருக்கும் இடத்தில் ஈரப்பதன் அந்த அளவுக்குக் கீழே இறங்கும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காலையில் வெள்ளி போலப் பளபளக்கத் தேய்த்து வைத்த தகடு மறுநாள் விடியும்போது மஞ்சள் பூசியது போல நிற்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். காரின் உடலை முழுவதும் வெறுந்தகடாக்கச் சொல்லும் வெளிநாட்டுக் கையேடுகள், ஈரப்பதனைக் கட்டுப்படுத்தும் வசதியுள்ள பட்டறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நமக்கு அந்த வசதி இல்லை. எனவே, மாலைக்குள் எப்பொக்சி பிறைமர் எனப்படும் ஈரம் புகவிடாத அடிப்பூச்சைப் பூசி முடிக்கக்கூடிய அளவு இடத்தை மட்டுமே காலையில் சுரண்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கதவின் உட்புறம் என்ற அளவில்தான் வேலை நகரும். அந்த வேகம் போதும்.

காரில் கை வைப்பதற்கு முன் ஒரு கடதாசி வேலை இருக்கிறது. பதிவுச் சான்றிதழிலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். உரிமை இன்னும் பெரியப்பாவின் பெயரிலேயே இருந்தால், அதை மாற்றுவதற்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்பதை நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இப்போதே விசாரியுங்கள். இலட்சக்கணக்கில் செலவழித்த பின்னர் அண்ணன் தம்பி பிள்ளைகள் பங்கு கேட்டு வந்த கதைகள் எனக்குத் தெரியும். இலக்கத் தகட்டைக் கழற்றும்போது அதன் ஆணிகளையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

இனிக் காருக்கு வருவோம். 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட எம்.ஜி.பி.க்கு, அதற்கு முந்திய எம்.ஜி.ஏ.யைப் போலத் தனியான செசிச் சட்டம் கிடையாது. தகடுகளைப் பெட்டி போல மடித்து ஒட்டிய உடலே சட்டத்தின் வேலையையும் செய்கிறது. கூரையில்லாத காரில் முன்பாதியையும் பின்பாதியையும் இணைத்து நிறுத்தும் பாரத்தின் பெரும்பகுதி கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் எனப்படும் அந்தப் பெட்டிகளின் மேல்தான் விழுகிறது. நீங்கள் ஓட்டை கண்டிருப்பது அங்கேதான் என்பதால், அதை அழகு தொடர்பான குறையாக எண்ண வேண்டாம். அது வீட்டின் தூண் உளுத்தது போன்றது. ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். கதவு நன்றாகத் திறந்து மூடுகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு காரின் ஒரு பக்கத்தை, தகடு உறுதியாக உள்ள இடத்தில் ஜக் வைத்து மெல்ல உயர்த்தி, அதே கதவை மறுபடியும் மூடிப் பாருங்கள். கதவின் மேல் இடைவெளி ஒடுங்கிக் கதவு இடித்தால் உடல் நடுவில் வளைகிறது என்று பொருள். காந்தம் ஒன்றையும் துணியில் சுற்றிக்கொண்டு உடல் முழுவதும் நகர்த்திப் பாருங்கள். அது ஒட்டாத இடத்தில் பெரும்பாலும் இரும்புக்குப் பதிலாக, பள்ளங்களை நிரப்பும் பசையான புட்டி இருக்கும். முன் மட்கார்டின் பின்முனை, பின்சக்கரத்துக்கு முன்னால் வளைந்து இறங்கும் மூலை, இருக்கைகளுக்குப் பின்னால் பற்றரி வைக்கும் பெட்டிகள் ஆகியவை இந்தக் காரின் வழக்கமான நோய்க்கூறுகள். முன் மட்கார்டுக்குள் சக்கரம் வாரியடிக்கும் சேறு தங்கி, ஆண்டுக்கணக்கில் ஈரப்பஞ்சு போல அங்கேயே இருந்துவிடும். இருபது ஆண்டுகளாக நிற்கும் காரிலும் அந்தச் சேறு காய்ந்த கட்டியாக இருக்கும். முதல் நாள் வேலையாக அதைத் தோண்டி எடுங்கள்.

சில் பெட்டியை வெட்டுவதற்கு முன், கதவு நிற்கும் திறப்புக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வைத்து உடலை அசையாமல் பிணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டினால் கார் உங்கள் கண் முன்னாலேயே சற்றுத் தொய்யும். தொய்ந்த நிலையில் புதிய தகட்டை ஒட்டினால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். இடது பக்கத்தை முழுவதும் முடித்து, கதவை மாட்டி, இடைவெளி மேலும் கீழும் சமமாக இருப்பதை உறுதிசெய்த பின்னரே வலது பக்கத்தைத் தொடுங்கள். வெளித்தகட்டை மட்டும் மாற்றி மூடிவிடும்படி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். உள்ளே செங்குத்தாக நிற்கும் தகடும் அடியில் ஓடும் தகடும் உளுத்திருக்கும்போது வெளித்தகடு வெறும் திரைச்சீலைதான்.

வெல்டிங்கைப் பொறுத்தவரை, உடலின் பெரும்பகுதி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள தகடு. பழைய ரிங்கரிங் (தகட்டு வேலை) பட்டறைகளில் அசற்றலீன் வாயுச் சுவாலையால் ஒட்டும்போது இந்தத் தகடு வெப்பத்தால் அலையலையாக நெளிந்துவிடுவதுண்டு. 0.6 மில்லிமீற்றர் கம்பி போட்ட மிக் எனப்படும் மின் வெல்டிங் இயந்திரத்தால், ஓரிடத்தில் ஒரு புள்ளி வைத்து, அடுத்த புள்ளியைத் தள்ளி வைத்து, ஆற விட்டு ஒட்டுவதே நல்லது. உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் வெட்டுதல், அளத்தல், தேய்த்தல் ஆகியவற்றை நீங்கள் செய்து, மிக் இயந்திரம் வைத்திருக்கும் ரிங்கர் பாஸ் ஒருவரை வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வரவழையுங்கள். பெற்றோல் தாங்கியை முன்கூட்டியே கழற்றி வீட்டுக்கு வெளியே வைத்துவிட வேண்டும். வெறுமையான தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது, ஏனெனில் உள்ளே எஞ்சியிருக்கும் ஆவிதான் வெடிக்கிறது. ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே படுக்கக் கூடாது என்பதைப் பெரியவரான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

உதிரிப்பாகங்களில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பிரித்தானியாவில் இந்தக் காரின் உடற்தகடுகள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. 1988 முதல் முழு உடலையே புதிதாக வாங்க முடிகிறது. கப்பற் கூலியையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்தபின் சில் தகடுகளை மட்டும் வரவழைத்து, தட்டையான தரைத் தகடுகளை இங்கேயே வெட்டி மடிப்பிக்கலாம். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போய் 'எம்.ஜி. சாமான் இருக்கிறதா' என்று கேட்டால் சிரிப்பார்கள். மொறிஸ், ஒஸ்டின் கார்களின் எஸ்.யு. காபரேற்றர் சாமான், லூக்காஸ் சுவிச் என்று கேளுங்கள். அக்காலத்தில் அந்தக் கார்களுக்கும் இதற்கும் ஒரே தயாரிப்பாளர்கள்தாம் இவற்றை வழங்கினார்கள். அங்குல அளவு ஸ்பனர்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். மில்லிமீற்றர் ஸ்பனர் ஏறத்தாழப் பொருந்துவது போலத் தோன்றி, இறுகிய நட்டின் மூலைகளைத்தான் வழித்தெடுக்கும்.

கேள்வி: சிறிய பாகங்களை வினாகிரியில் ஊறப்போட்டால் கறள் போய்விடும் என்கிறார்கள். கறளைக் கறுப்பாக மாற்றும் திரவமும் கடையில் கிடைக்கிறது. எதை நம்புவது? (தெஹிவளை வாசகர்)

பதில்: இரண்டும் வேலை செய்யும், ஆனால் வெவ்வேறு இடங்களில். பிணைச்சல், தாங்கித் தகடு போன்ற சிறு சாமான்களை வினாகிரியில் ஓரிரு நாள் ஊறவிட்டுப் பித்தளைத் தூரிகையால் தேய்த்தால் போதும். எடுத்தவுடன் அப்பச்சோடா கலந்த தண்ணீரில் கழுவி, வெயிலில் அல்லது அடுப்பங்கரைச் சூட்டில் உடனே உலர்த்தி, அன்றே பூச வேண்டும். சுருள்வில்களையும், பாரம் தாங்கும் உறுதியான ஆணிகளையும் அமிலத்தில் போடவே கூடாது; அமிலத்திலிருந்து பிறக்கும் ஐதரசன் அத்தகைய கடினமான உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும்.

என் வீட்டில் நான் அதிகம் பயன்படுத்துவது மின்பகுப்பு முறை. ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, பற்றரி சார்ஜரின் எதிர்முனையைக் கறள் பிடித்த பாகத்திலும் நேர்முனையைப் பழைய இரும்புத் துண்டொன்றிலும் இணைத்துவிட்டால், நல்ல இரும்பை அரிக்காமல் கறள் மட்டும் தளர்ந்து கழன்றுவிடும். நேர்முனையில் துருப்பிடிக்காத எவர்சில்வர்த் துண்டை வைக்காதீர்கள். அதிலிருந்து நச்சான குரோமியச் சேர்வை தண்ணீரில் இறங்கும். இதில் எழும் வாயு எரியக்கூடியது, ஆகவே வாளியை வெளிமுற்றத்தில் வையுங்கள். இந்த முறையிலும் சுருள்வில்களை விலக்கியே வைக்க வேண்டும்.

கறளைக் கறுப்பாக்கும் திரவத்தில் இருப்பது பெரும்பாலும் தனின் அமிலம் அல்லது பொசுபரிக் அமிலம். தேய்க்கக் கை எட்டாத குழிகளுக்கு அது பயன்படும். செதில் செதிலாக எழுந்த கறளின் மேல் அதைப் பூசுவதால் பயனில்லை, ஏனெனில் மேல்தோல் மட்டும் கறுத்து, அடியில் அரிப்புத் தொடரும். பூசிய இடத்தில் அமிலம் எஞ்சியிருந்தால் சில எப்பொக்சி பிறைமர்கள் சரியாக ஒட்டாது என்பதால் பிறைமர் தகரத்தின் மேல் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: என் கணவர் தம்முடைய பழைய ட்ரயம்ப் ஸ்பிற்ஃபயர் காருக்குச் சாம்பல் நிறப் பிறைமர் அடித்து முற்றத்தில் நிறுத்தி இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. 'பிறைமர் இருக்கிறது, கறள் பிடிக்காது' என்கிறார். உண்மையா? (பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: அம்மா, இந்தப் பதிலை அவருக்குக் காட்டிவிடுங்கள். கடைகளில் சாதாரணமாக விற்கும் சாம்பல் நிறப் பிறைமர் நுண்துளைகள் நிறைந்தது. மேலே பூசும் பெயின்ற் பற்றிக்கொள்வதற்காகவும் எளிதில் தேய்ப்பதற்காகவுமே அது அவ்வாறு செய்யப்படுகிறது. மழைநீரையும் உப்பையும் அது உறிஞ்சித் தகட்டுக்கு அனுப்பிவிடும். வெளியே ஒழுங்காகத் தெரியும். விரல் நகத்தால் கீறிப் பார்த்தால் அடியில் செம்பழுப்பு நிறம் இருக்கும். புட்டியும் அப்படித்தான் ஈரத்தை இழுக்கும். அதனால்தான் தகட்டின் மேல் முதலில் எப்பொக்சி, அதன் மேல் புட்டி, அதன் மேல் சாம்பல் பிறைமர், உடனடியாக மேற்பூச்சு என்ற ஒழுங்கை நான் வற்புறுத்துகிறேன். உங்கள் காரில் சாம்பல் பூச்சைத் தகடு வரை எடுத்துவிட்டு மறுபடியும் தொடங்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஆறுதலாக ஒன்று: ஸ்பிற்ஃபயருக்குத் தனிச் செசிச் சட்டம் உண்டு, ஆகவே நிலைமை எம்.ஜி.பி.யைவிடச் சற்று இலகுவானது. ஆனால் அவர் மேற்பூச்சுக்கு இரண்டு பொருள் கலக்கும் பெயின்றை வீட்டில் தெளிக்க நினைத்தால் தடுத்துவிடுங்கள். அதிலுள்ள ஐசோசயனேற்று நுரையீரலைக் கெடுக்கும். வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் அதைத் தெளிக்கக் கூடாது. அந்த ஒரு வேலையைப் பெயின்ற் பட்டறைக்குக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: பல ஆண்டுகள் நின்ற காரின் எஞ்சின் இறுகிவிட்டது. இன்னொரு வாகனத்தால் இழுத்தால் சுற்றுமா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: இழுத்தால் ஏதாவது ஒன்று உடையும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் தானியங்கிக் கியர் எண்ணெயும் கலந்து சிறிதளவு ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு எஞ்சினின் முன்முனை நட்டில் நீண்ட ஸ்பனரை வைத்து முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். ஒரு மயிரிழை அசைந்தாலும் நல்ல செய்திதான். சுற்றத் தொடங்கியதும் எஞ்சின் எண்ணெயை மாற்றி, பிளக் இல்லாமலேயே ஸ்ராட்டரால் சுற்றி, எண்ணெய் அழுத்தமானி முள் எழுவதைப் பார்த்த பின்னரே பிளக்கை மாட்டுங்கள். தாங்கியில் கிடக்கும் பழைய பெற்றோலை ஒரு துளியும் காபரேற்றருக்கு அனுப்ப வேண்டாம், அது கோந்தாகியிருக்கும்.

வெள்ளவத்தை வாசகருக்கு மறுபடியும்: நீங்களும் இந்தக் கட்டத்துக்கு வருவீர்கள். உங்கள் 1965 காரில் இரண்டு 6 வோல்ற்று பற்றரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் உடலோடு இணைந்திருப்பது நேர்முனை. இன்றைய கார்களில் அது எதிர்முனை. உங்களுக்கு முன் யாராவது மாற்றியிருக்கவும் கூடும் என்பதால், பற்றரிப் பெட்டியிலிருந்து உடலுக்குப் போகும் தடித்த கம்பி எந்த முனையிலிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்த பின்னரே புதிய பற்றரியை இணையுங்கள். அந்தப் பெட்டிகளின் அடியும் ஓட்டையாக இருக்கக்கூடும். பற்றரி வாங்குவதற்கு முன் அதை ஒட்டிப் பூசி முடித்துவிடுங்கள்.